அம்மன் கண்ணிலிருந்து ஒரு கோடு

ஒரு ஆணிகூட அடிக்காமல், ஒரு கம்பத்தைக்கூடத் தூக்காமல், கோலசிலாங்கூர் வட்டாரத்து மேடைக்காரர்கள் அத்தனை பேரையும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த மனிதர் லேயர் சார்.

அத்தனை பேர் என்றா சொன்னேன்? அந்தக் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மேடைக்காரன் நான் ஒருவன்தான். ஜெராமில் இன்னொருவன் இருந்தான். அவனை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பலகையும் ஒரு வாடகை லோரியுமாகத் தொடங்கி, சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திருவிழா மேடைகளை எல்லாம் கைக்குள் வைத்திருந்தேன். அளவு எடுப்பது என் கண். திட்டம் போடுவது என் மூளை. இரண்டுக்கும் கரண்ட் தேவையில்லை.

லேயர் சாருக்குத் தேவை. கோலாலம்பூரில் கட்டடப் படம் வரையும் ஓர் அலுவலகத்தில் இருந்தவர். எண்பதுகளின் நடுவில் கட்டட வேலை படுத்துக்கொண்டபோது அலுவலகத்தை மூடினார்கள். வேறு யாராவது என்றால் நாற்காலியையோ மேசையையோ வாங்கி வந்திருப்பார்கள். இவர் படம் வரையும் கம்ப்யூட்டரை வாங்கி, இடுப்பில் கட்டும் சாரத்தில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானுக்கு வந்து சேர்ந்தார். பாய் சாப்பாட்டுக் கடை மாடியில் ஓர் அறை. அதில் பெரிய காற்றாடி கம்ப்யூட்டருக்கு, சின்னது அவருக்கு.

கம்ப்யூட்டர் படத்தில் லேயர் என்று ஒன்று உண்டாம். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி. மேடை ஒரு தாளில், விளக்கு ஒரு தாளில், வயர் ஒரு தாளில். வேண்டியதை மட்டும் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். இதைக் கம்ப்யூட்டரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பாய் சோற்றின்மேல் மீன்குழம்பை ஊற்றப் போனால் தட்டை இழுத்துக்கொள்வார். "பாய், குழம்பு வேற லேயரு!"

"எல்லாம் ஒரே வயித்துக்குத்தான்லா போவுது!" என்பார் பாய்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன்? முந்தின வருடத் திருவிழாவில் ஒரு தோட்டத்தில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது மேடை முழுக்க இருட்டாகிவிட்டது. தோட்டத்து ஜெனரேட்டரின் குற்றம். ஆனால் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோர்தான் கோயில் தலைவர், அவர் அப்படி நினைக்கவில்லை.

"இங்க பாரு தம்பி, இன்னொரு வாட்டி இருட்டாச்சு, ஜெராம்காரனுக்குக் குடுத்துருவேன். அப்புறம் வருத்தப்படக்கூடாது."

அந்த ஒரு தோட்டம் போனால் மற்றத் தோட்டங்களும் வரிசையாகப் போகும். இருபது வருட உழைப்பு. மாடிப்படி ஏறினேன்.

அன்றே எரிச்சல் ஆரம்பம். "அளவு சுருக்கிப் போட்டுக் காட்டுங்க சார்" என்றேன். பதறிவிட்டார்.

"அய்யய்யோ! உள்ளே எப்பவும் உள்ள அளவுதான் அண்ணே. இருபதடி மேடைன்னா இருபதடியாவே வரையணும். தாள்ல எடுக்கறப்பத்தான் சுருக்கணும். இப்பவே சுருக்குனா பின்னால நாம அழணும்."

ஒரு விளக்கை வரைய ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டார். மறைப்பு, கொக்கி, எரியும்போது வெளிச்சம் விரியும் முக்கோணம் எல்லாம் போட்டார். "விளக்கு நெறய இருக்கே சார், திருவிழா அடுத்த வருஷமா?" என்றேன். சிரித்துக்கொண்டே நாலு பொத்தானைத் தட்டினார். அதே விளக்கு திரை முழுக்க முளைத்தது. "ஒண்ண ஒழுங்கா வரைஞ்சா போதும் அண்ணே. மத்ததெல்லாம் அதோட பிள்ளைங்க."

கீழே பாய் மாவு மெஷினைப் போட்டால் மேலே திரை செத்துவிடும். அதனால் ஐந்து கோடு போட்டால் ஒரு தடவை படத்தைச் சேமிப்பார். மறந்த நாளில் படிகளில் உருண்டு இறங்கி ஓடுவார்.

"பாய்! ஒரு வார்த்தை சொல்லிட்டு அரைக்கக்கூடாதா?"

"ஒங்கிட்ட உத்தரவு வாங்கி நான் தோசை சுடணுமா? மாவ ஒன் கம்ப்யூட்டர்ல அரைச்சுக் குடு, நான் மெஷின நிறுத்தறேன்!"

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கேட்டார் பாருங்கள்: "அண்ணே, அம்மனுக்குக் கண்ணு எத்தன அடி ஒசரத்துல இருக்கு?"

எங்கள் தோட்டங்களில் திருவிழா மேடை அம்மனைப் பார்த்துத்தான் நிற்கும். நாடகம் முதலில் அவளுக்கு, பிறகுதான் சனங்களுக்கு. நடுவில் பாதை விட்டுத்தான் உட்காரப் பாய் விரிப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் கண்ணை எவன் அளந்தான்?

"மேலேருந்து பாக்கற படத்துல எல்லாரும் வெறும் வட்டம்தான் அண்ணே. பக்கவாட்டுல வெட்டிப் பாத்தாத்தான் எது யாரை மறைக்குதுன்னு தெரியும். முக்கியமான ஆளுக்கே மறைச்சா எப்படி?"

பூசாரியிடம் போய் டேப்பை நீட்டினேன். அவர் எகிறினார். "ஆத்தா மேல டேப்பு வைக்கறியா? நீ என்ன அவளுக்குச் சட்டையா தைக்கப்போற?" கடைசியில் அவரே மனம் இரங்கி, மாலை கட்டும் நூலால் கண்வரை அளந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அந்த நூலை ஒரு வாழையிலையில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். என் தொழிலில் இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அம்மன் கண்ணிலிருந்து மேடைக்கு ஒரு கோடு இழுத்தார் லேயர் சார். கோடு பாதி தூரத்தில் முட்டி நின்றது. எதில் என்கிறீர்கள்? என் பெயர்ப் பலகையில்!

மைதானத்தின் நடுவில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே கட்டை கட்டி, அதில் விளக்குகளை மாட்டி, கீழே என் பெயரை வண்ண பல்புகளோடு தொங்கவிடுவது என் பாணி. தூரத்து ரோட்டிலிருந்தே தெரியும்.

"இத்தன வருஷமா ஆத்தா ஒங்க பேரத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்கா அண்ணே. நடிக்கிறவங்க மூஞ்சியப் பாத்ததே இல்ல."

நான் வாயைத் திறக்குமுன் ஏதோ தட்டினார். பலகையைக் காணோம்.

"என் பேரு எங்கய்யா?"

"அது வேற லேயர்ல இருக்கு. அணைச்சுட்டேன்."

வாழ்க்கையில் என்னை அணைத்தவன் அவன் ஒருவன்தான். கோபத்தில் படி இறங்கி, பாய் ஆற்றிக் கொடுத்த தே தாரிக் டீயைக் குடிக்காமலே போனேன். ஆனால் மண்டோர் முகம் நினைவுக்கு வந்தது. மறுநாள் திரும்பி ஏறினேன். நடுக்கம்பம் போனது. சனங்கள் உட்காரும் இடத்தின் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கு ஒரு கம்பம், சாய்வாக அடிக்கும் விளக்குகள். இடது பக்கத்துக்குத் தனி வயர், தனி ஃபியூஸ். வலது பக்கத்துக்குத் தனி. என் பலகை வேலி ஓரத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில்.

திருவிழா வந்தது. பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. ஜெராம்காரன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான், இருட்டைப் பார்க்க. கதாநாயகி பிள்ளையைப் பறிகொடுத்து அழும் கட்டம். படீர்! இடது பக்க விளக்குகள் அத்தனையும் அணைந்தன.

"மறுபடியும் பாய்!" என்று இருட்டில் லேயர் சாரின் குரல் கதறியது. திருவிழாவில் கடை போட்டிருந்த பாய், ஐஸ் சீவும் மெஷினை எங்கள் வயரில் சொருகியிருந்தார்.

என் உயிர் போய் வந்தது. ஆனால் மேடை இருட்டாகவில்லை. வலது வெளிச்சம் மட்டும் அந்தப் பெண்ணின் பாதி முகத்தில் நின்றது. மறுபாதியில் கண்ணீர் மினுங்கியது. ஒரு கிழவி வாய்விட்டு அழுதாள். அப்புறம் எழுந்த கைதட்டலில் ஜெராம்காரன் எழுந்து போய்விட்டான்.

மண்டோர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுவுற எடத்துல லைட்ட கொறச்ச பாரு! அடுத்த வருஷமும் நீதான்லா."

"அனுபவம் தலைவரே" என்றேன். பின்னே என்ன சொல்வது, ஐஸ் மெஷின் என்றா?

லேயர் சாரைத் தேடினேன். கைதட்டல் அவர் காதில் விழவில்லை, நாடகத்திலும் கவனம் இல்லை. கோயில் வாசற்படியில் முட்டியை மடித்து, அம்மன் கண் உயரத்துக்குத் தலையை ஏற்றி இறக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மேடையைப் பார்த்தபடி நின்றார்.

"தெரியுதுண்ணே" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. "முழுசாத் தெரியுது."

இரண்டு வருடத்தில் கட்டட வேலை மறுபடி எழுந்தது. கம்ப்யூட்டரைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு கோலாலம்பூர் பஸ் ஏறிவிட்டார். நிம்மதி என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். இன்று எனக்கு மூன்று லோரி இருக்கிறது, என் பெயரை வீட்டளவுக்கு எழுதிவைக்கவும் வசதி இருக்கிறது. ஆனாலும் எந்தக் கோயிலானாலும் பலகை வேலி ஓரத்தில்தான் தொங்கும். நடுவில் வைக்க மனம் வருவதில்லை. அங்கே அவர் இழுத்த கோடு ஓடிக்கொண்டிருக்கிறது.