மச்சானுக்கு ஓர் அறை

வரைபடத்தில் இல்லாத ஓர் அறை, அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அடியில் முளைத்திருந்தது.

செங்குத்தான சரிவு. மேலே ரோடு, ரோட்டை ஒட்டி வீடு. பள்ளத்துப் பக்கம் வீட்டைத் தாங்க ஆள் உயரத்துக்கும் மேலாகத் தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பெரிய ஜன்னலும் வைத்திருந்தார் கொத்தனார்.

"என்னய்யா இது?"

"மேடம் சொன்னாங்க சார். எதுக்குன்னு அவங்களையே கேட்டுக்கங்க."

கேட்டார்.

"சும்மா கிடக்கற இடம்தானேங்க? தட்டுமுட்டுச் சாமான் போட்டுக்கலாம்" என்றாள் மனைவி, முகம் பார்க்காமல்.

தட்டுமுட்டுச் சாமான் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்குமா?  அவர் வெளியே கேட்காமல் உள்ளுக்குள் யோசிப்பவர்; யோசிக்க யோசிக்கச் சந்தேகம் புற்றாக வளரும். அன்று மாலையே அவள் போனில் தம்பியிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"அவர்கிட்ட மூச்சு விட்டுடாதடா. குடி போற அன்னிக்குத் தெரிஞ்சா போதும்."

புரிந்துவிட்டது. மச்சான்! பல் துலக்கும்போதுகூடப் பேச்சை நிறுத்தாதவன். அவன் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தால் புது வீட்டில் அவருடைய நிம்மதிக்குச் சங்குதான்.

சண்டை போட்டால் அவள்தான் ஜெயிப்பாள். ஆனால் முழங்கால் வலியால் அவள் அந்தச் சரிவுப் பக்கமே வருவதில்லை. எல்லாம் போன் உத்தரவுதான். அவர் கொத்தனாரைத் தனியே பிடித்தார்.

"ஜன்னலை அடைச்சிடுய்யா."

"இருட்டடிக்குமே சார்?"

"அடிக்கட்டும்."

அடைத்ததும் மலைப்பக்கச் சுவரில் ஈரம் கசிந்தது.

"காத்து இல்லேன்னா இப்படித்தான் சார். திறந்துடவா?"

"தொட்டீன்னா பாருய்யா!"

அடுத்து, வீட்டிலிருந்து அந்த அறைக்கு இறங்கும் உள்படிக்கட்டைப் பெயர்க்கச் சொன்னார். வெளியே ஆடு ஏறுகிற மாதிரி நாலு கல் போதுமாம். அதிலும் மனசு ஆறாமல், மேல் கழிவறைக் குழாயை அந்த அறையின் நடுவாகவே இறக்கச் சொன்னார்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "நெஜமாத்தான் சொல்றீங்களா சார்?"

"என் வீடு, என் இஷ்டம்."

குழாய் இறங்கியது. மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். மலையே சரிந்ததுபோல் அறைக்குள் கடகடவென்று ஓசை. அவர் இருட்டில் ஈரச் சுவரைத் தடவி, நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இனிமே என் மச்சான் இதுல ஒரு ராத்திரி தாங்குவான்கறே?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அவருக்கு மேல் வீட்டுலயே, உங்க ரூமை ஒட்டினாப்பல ரூம் இருக்கு சார். இது, அவர் சத்தம் கேக்காம நீங்க தனியா உக்காந்து படிக்கறதுக்குன்னு மேடம் ரகசியமா கட்டச் சொன்னது!"