மைக்செட்டும் முதல் பேட்டரியும்

உலகத்தில் வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் எங்கேயாவது போய்வரத்தான் வாங்குகிறார்கள். வயர் இழுப்பதற்கென்றே வண்டி வாங்கிய ஒரே மனிதர், உத்திரமேரூரில் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மைக்செட்டு. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடையிலேயே அவரை "யோவ் மைக்செட்டு" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர்கள் எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டின. ஓடும்போது சத்தமே வராது. சத்தத்தை வைத்தே பிழைத்தவருக்கு இது பொறுக்குமா? வாங்கிய வாரமே கார் ஹாரன் ஏறியது. பிறகு எஃப்.எம். ரேடியோ, கைப்பிடியில் குட்டி ஃபேன், செல்போன் சார்ஜர், முருகன் படத்துக்கு ஒரு பல்பு. அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் தேவையில்லை என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டதால் அந்த இடத்தில் மின்னி மின்னி எரியும் சீரியல் செட் விளக்கு. கடைசியாகக் குழாய் ஸ்பீக்கரோடு ஆம்ப்ளிஃபயர். நான் எண்ணிப் பார்த்தேன். வண்டி ஓடுவதற்குச் சம்பந்தமில்லாதவை மட்டும் ஏழு.

அதைவிட மோசம், ஏழையும் அவர் மாட்டியிருந்த இடம். சீட்டுக்கு அடியில் நான்கு பேட்டரிகள், ஒன்றோடொன்று கோத்து வைத்தவை. நான்கும் சேர்ந்தால்தான் வண்டி நகரும். இவரோ எல்லா வயரையும் முதல் பேட்டரியிலேயே கிளிப் போட்டுக் கடிக்கவிட்டிருந்தார். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பேட்டரி போதும் என்பது அவர் தொழிலில் பழகிப்போன கணக்கு.

"ஏம்பா, நாலுலேர்ந்தும் சமமா எடுத்து, குறைச்சுக் குடுக்கற கன்வெர்ட்டர் ஒண்ணு கீழே வை" என்றேன்.

"நாலுல ஒண்ணத்தான சார் தொடறேன்? மீதி மூணு வண்டிக்குன்னே கீதே!"

"நாலு பேர் தூக்கற பல்லக்குல தூக்கறவன் ஒருத்தன் களைச்சுக் கீழே உக்காந்துட்டா பல்லக்கு போகுமா?"

"மீதி மூணு பேரும் இன்னாத்துக்கு சார் கீறாங்க? வேடிக்க பாக்கவா?"



அந்த ஆடி மாதம் பக்கத்து ஊரான திருப்புலிவனத்தில் கூழ் ஊற்றும் திருவிழா. போன வருஷம் பாதியில் இவர் செட்டு ஊமையாகிவிட்டதால் இந்த வருஷ வேலையைக் காஞ்சிபுரத்து ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக விழாக் கமிட்டி முடிவு செய்திருந்தது. கமிட்டித் தலைவர் என் மச்சான். நான் கெஞ்சியதில், "காலைல ஒம்போது மணிக்குள்ள வந்து சவுண்டு காட்டட்டும் மாமா, பாக்கலாம்" என்றான்.

"இதுவும் போச்சுன்னா செட்ட வித்துட்டு ஒரகடத்துல எதுனா கம்பெனில வாட்ச்மேன் வேலைக்குப் போய்டுவேன் சார்" என்றார் மைக்செட்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேச்சுக்குப் பேச்சு அடிக்கும் ஹாரனை அப்போது தொடவில்லை.

சிபாரிசு செய்தவன் நான் என்பதால் பின்னால் உட்கார்ந்து போனேன். விடிந்ததிலிருந்து உத்திரமேரூர்த் தெருக்களில் அலறிவிட்டு வந்த வண்டி, பாதி வழியில் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. முதல் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.

"சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். ஆனா மூணு முழுசா கீது பாருங்க" என்று பெருமையோடு ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடுங்கி இரண்டாவது பேட்டரியில் மாட்டினார்.

"யோவ், அதையும் சாகடிக்கப் போறியா?"

"வண்டிதான் ஓடாது. வாய் ஓடும் சார். நீங்க தள்ளுங்க."

இடது கையால் ஹேண்டில், வலது கையில் மைக். நான் பின்னால் தள்ளுகிறேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"தாய்மாரே! ஆத்தாளுக்கு இன்னிக்கு கூழு! அல்லாரும் வந்துருங்க! பின்னால தள்ளிக்கினு வர்றது நம்ம தாலுக்கா ஆபீஸ் ரிடையர்டு கிளார்க் சார்! பெரிய மனுசன், வழி வுடுங்க!"

"அந்தப் பெரிய மனுசனுக்கு மூச்சு வாங்குதே, பாவம்! நீயுந்தான் தள்ளு யோவ் மைக்செட்டு!" என்று ஒரு அம்மாள் கரையேறி வந்து கை கொடுத்தாள். பின்னாலேயே இன்னும் ஆறு பேர். எனக்கு மானம் போயிற்று. வண்டி மட்டும் வேகமாகப் போயிற்று.

ஊருக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே முக்கால். காஞ்சிபுரத்து ஆள் ஸ்பீக்கர்களை இறக்கிக்கொண்டிருந்தான். மைக்செட்டு மைக்கை அணைத்தார். 

"நேரமாய்டுச்சுப்பா. நான்தான் வண்டிய..." என்று நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

"வுடுங்க மாமா. நீங்க ஏரிக்கர பம்புசெட்டாண்ட வரசொல்லவே சவுண்ட கேட்டுக்கினுதான் கீறோம்" என்ற மச்சான், என் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தான். "கூழு காய்ச்சி முடிக்கறதுக்குள்ள சனத்தயே இட்டாந்துட்டான். யப்பா காஞ்சீவரம், நீ ஒன் செட்ட திருப்பி ஏத்திக்க."

மைக்செட்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

பேட்டரியைப் பந்தலில் சார்ஜ் போட்டார்கள். சாயங்காலம்தான் வண்டி கிளம்பும் என்றார் மைக்செட்டு. கோயில் எதிரிலேயே உத்திரமேரூர் பஸ்கள் நின்று நின்று போயின. ஏறியிருந்தால் கால் மணி நேரத்தில் வீடு. நான் ஒரு சொம்பு கூழ் வாங்கிக்கொண்டு அவருடைய வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன்.