நூற்றிருபது பன்றிகளும் என் கணவரும்

ஒரு சொல்லின் பொருள் தெரியாமலிருப்பது குற்றமில்லை. தெரியும் என்று நினைத்து, அந்த நினைப்பின் மேல் மாடி வைத்து வீடு கட்டி, குடிபுகும் நாளுக்கு ஊரையும் அழைப்பதுதான் குற்றம். நான் அழைத்தேன். நாற்பது பேர் வந்தார்கள். அவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நூற்றிருபது பன்றிகளுக்காகக் கண்ணீர் விட்டேன். அவை பன்றிகளே இல்லை.

இது நடந்து ஏழு வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் பிழையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு பகுதி நேரமாகச் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். (பட்டமளிப்பு நாளில் எடுத்த படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சாமிப் படங்களைவிடப் பெரிதாகத் தொங்கியது. தொங்கவிட்டது நான்தான்.) லண்டனில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் ஆறு மாத வேலை கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வியாபாரக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை வாசித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆறு மாதம் முடியும்போது அங்கே ஒரு நிரந்தர வேலை காலியாகும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கடிதங்கள் இரண்டு பேருடையவை. ஒருவர் லண்டனில் இருந்த ஈய வியாபாரி. மற்றவர் ஜோசையா என்கிற அவருடைய ஆள். இங்கிலாந்தின் வடக்கே மலைப்பகுதியில் சுரங்கத்தையும் உருக்கும் ஆலையையும் பார்த்துக்கொண்டவர். அங்கே தோண்டியெடுத்த தாதுவில் பெரும்பங்கு ஈயம், அதற்குள் ஒளிந்துகொண்டு கொஞ்சம் வெள்ளி. வாரத்துக்கு ஒரு கடிதம் போகும், ஒன்று வரும். 'ஐயா, தங்களுடைய கடிதம் கைக்கு வந்தது' என்று மிகவும் மரியாதையாகத் தொடங்கி, மூன்றாவது வரியில் சண்டையை ஆரம்பிப்பார்கள். கப்பல் ஏன் பிந்தியது, வெள்ளி ஏன் குறைந்தது, மழைக்கு யார் பொறுப்பு.

முதல் வாரம் தலை சுற்றியது. அந்தக் காலத்து 'எஸ்' எழுத்து பார்வைக்கு 'எஃப்' மாதிரி இருக்கும். ஈயத்தை விற்றோம் ('சோல்ட்') என்று எழுதியிருந்த இடமெல்லாம் 'ஃபோல்ட்' என்று எடுத்து, ஈயத்தை மடித்தோம் என்று வாசித்தேன். பிறகு பழகியது. ஒரு நாள், 'கேக்கை இரண்டு துப்பாக்கிக்காரருடன் வண்டியில் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி வந்தது. கேக்குக்கு எதற்குத் துப்பாக்கி? தேடிப் பார்த்தேன். ஈயத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளி வட்டமாக உறைந்து நிற்குமாம், அதைத்தான் கேக் என்று சொல்வார்களாம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று ட்ராமில் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன். அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. அதோடு இந்தத் தொழிலின் பாஷை எனக்கு வசப்பட்டுவிட்டது என்று நம்பத் தொடங்கினேன்.

அதனால் பன்றிகள் வந்தபோது நான் ஒன்றையும் தேடிப் பார்க்கவில்லை.

'பிக்' என்றால் பன்றி. லண்டனில் பாலர் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஜோசையா எழுதுகிறார்: 'நூற்றிருபது பிக் துறைமுகத்தில் மூன்று வாரமாக மழையில் கிடக்கின்றன.' லண்டன்காரர் பதில் எழுதுகிறார்: 'ஒவ்வொன்றிலும் நம் முத்திரை ஆழமாகப் பதிந்திருக்கட்டும்.' போதாததற்குப் பக்கத்துக்குப் பக்கம் 'ஃபாடர்' வேறு. ஃபாடர் என்றால் மாட்டுக்கும் பன்றிக்கும் போடும் தீவனம். பன்றியும் இருக்கிறது, தீவனமும் இருக்கிறது. இதற்கு மேல் சரித்திரம் படித்தவளுக்கு என்ன வேண்டும்? ஈய வியாபாரி யாருக்கும் தெரியாமல் பன்றி வியாபாரமும் செய்திருக்கிறான்!

கடைசியாக அந்தக் கடிதம் கிடைத்தது. பன்றிகளை ஏற்றிய கப்பல் ஆற்றுமுகத்தில் மூழ்கிவிட்டது. லண்டன்காரர் எழுதுகிறார்: 'கவலை வேண்டாம். வசந்தம் வந்து காலநிலை தெளிந்ததும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடலாம். அவற்றுக்கு ஒரு பழுதும் வராது.'

வசந்தம் வரும்வரை தண்ணீரில் கிடக்கும் பன்றிக்கு ஒரு பழுதும் வராதாம். வேறு எவராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. முதலாளித்துவத்தின் கல்நெஞ்சு என்று குறிப்பு எழுதினேன்.

காப்பகத்தின் ஆதரவாளர்களுக்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் பேச்சு நடக்கும். என்னையும் ஒரு பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். தலைவி மார்கரெட் முன்கூட்டியே எழுத்தில் பார்க்கலாமா என்று கேட்டா. 'நேரில் கேளுங்கள், அதிர்ச்சியாக இருக்கும்' என்றேன். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

பேச்சுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, குசினியில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தேன். கேட்டவர் என் கணவர் சிவநேசன். அவர் ஜெர்மனியில் பத்து வருடம் கூரை வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்து, இங்கேயும் அதையே செய்கிறார். அன்று வேலையால் வந்த உடுப்போடேயே இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்றி மூழ்கும் இடம் வந்ததும் கையை நிறுத்தினார்.

"இஞ்சரும், அது பண்டியில்லையப்பா."

"என்ன?"

"ஈயக்கட்டி. நான் இஞ்ச வந்த புதுசில ஒரு வெள்ளைக்காரக் கிழவனோட வேலை செய்தனான் தெரியுமே, அந்தாள் ஈயத்தை உருக்கி ஊத்தின கட்டியை பிக் எண்டுதான் சொல்லும். 'சிவா, அந்தப் பிக்கைத் தூக்கு' எண்டும். இடுப்பு முறியும்."

"இது பதினெட்டாம் நூற்றாண்டு. உங்கட கூரை வேலையில்லை."

"ஈயம் ஈயந்தானே. அப்பவும் ஈயம், இப்பவும் ஈயம்."

"அப்ப தீவனம்? ஈயக்கட்டி தீவனம் தின்னுமோ?"

"அது எனக்குத் தெரியேல்லை," என்றார்.

"தெரியாட்டிப் பேசாமல் சாப்பிடுங்கோ."

அவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, "சரி. நீர்தானே படிச்சனீர்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

அதோடு விட்டேனா? நாளைக்கு வருவதென்றால் வேலைக்குப் போகும் வான் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கோ என்றேன். யாரும் என்ன வேலை என்று கேட்டால், கூரை என்று சொல்லாமல் கட்டிடத்துறை என்று சொல்லுங்கோ என்றேன். அவர் ஓம் என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை இரண்டு மணி. மண்டபத்தில் பெரும்பாலும் நரைத்த தலைகள். கடைசி வரிசையில் என் கணவர், கலியாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு. நான் திரையில் ஒரு கொழுத்த பன்றியின் படத்தைப் போட்டுப் பேச்சைத் தொடங்கினேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்வம் என்று நினைத்தேன். நடு வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். துக்கம் என்று நினைத்தேன். உயிரோடு முத்திரை குத்திய கதையைச் சொன்னேன். மழையில் நனைந்து நின்ற கதையைச் சொன்னேன். கப்பல் மூழ்கும் இடத்தில் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. "அந்த நூற்றிருபது குரல்களையும் இன்று நாம்தான் கேட்க வேண்டும்," என்று முடித்தேன்.

பிறகு முன்வரிசையில் ஒரு மூதாட்டி கையை உயர்த்தினா.

"அருமையாகப் பேசினீர்கள். ஒரே ஒரு சந்தேகம். என் தகப்பனார் ஈயம் உருக்கும் ஆலையில் வேலை செய்தவர். நீங்கள் சொல்வது... ஈயப் பாளங்களையா? அவற்றைப் பிக் என்றுதான் சொல்வார்கள். ஃபாடர் என்பது நிறுக்கிற அளவு. ஏறக்குறைய ஒரு டன் வரும். தீவனம் என்று எழுதுகிற மாதிரியே அதையும் எழுதுவார்கள்."

அந்த அம்மா மிகவும் அன்பாகத்தான் சொன்னா. ஆனால் கைக்குட்டைக்காரரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அவர் வெடித்தார், மண்டபம் முழுவதும் வெடித்தது. மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. "பேசுவதற்கு முன் யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா?" என்றா.

எனக்குப் பின்னால் ஓராள் உயரப் பன்றி திரையில் நின்றது. கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருந்தது. அப்போதுதான் கடைசி வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

என் கணவர் எழுந்து நின்றார். ஜெர்மன் வாடை அடிக்கும் தன் ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும். பிழை என்னுடையது," என்றார். "அவ என்னிடம் கேட்டவ. நான் அவவின் கணவர். நான் கூரை வேலை செய்கிறவன், ஈயம் தெரியும். நான்தான் பன்றி என்று சொன்னேன். எனக்கு ஆங்கிலம் குறைவு."

சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு வேறு மாதிரி வந்தது. பரிதாபமும் பட்சமும் கலந்த சிரிப்பு. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை. அவர் அந்தக் கோட்டில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

மைக் என் கையில்தான் இருந்தது. 'இல்லை' என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நான் சொல்லவில்லை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "கூரைக்காரரிடம் சரித்திரம் கேட்டால் இப்படித்தான்," என்றேன்.

அன்றைய பின்னேரத்தின் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது. அவரும் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வானில் அவர், "நல்லாத்தான் கதைச்சனீர். கப்பல் தாழுற இடம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது," என்றார். வீட்டுக்குப் போனதும் ஈஸ்ட் ஹாமிலிருந்து அவருடைய அக்கா, என் மச்சாள் இந்திரா, தொலைபேசியில் வந்தா. பேச்சு எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறா. மண்டபத்தில் சொன்ன கதையையே அவர் அக்காவுக்கும் சொன்னார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. நான் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டேன்.

நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது. இரண்டு வருடம் அந்தப் பொய்யோடு வேலைக்குப் போய் வந்தேன். பிறகு ஒரு நாள் தாங்க முடியாமல் மார்கரெட்டிடம் உண்மையைச் சொன்னேன். அவ தேநீரை வைத்துவிட்டு, "எனக்கு அன்றைக்கே தெரியும்," என்றா. "ஈயத்தோடு வேலை செய்கிற ஒருவர் அதைப் பன்றி என்று நினைக்க மாட்டார்." அப்படியென்றால் ஏன் வேலை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நீங்கள் ஏற்றிய கடிதங்களில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. பொருள்தான் பிழை," என்றா. பிறகு, "இதை என்னிடம் சொல்லி என்ன பயன்?" என்றும் கேட்டா.

அது எனக்கும் தெரியும். ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் கதை என்னை முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டது. மச்சாள் வீட்டில் இப்போது என் கணவருக்குப் பெயர் 'பண்டி வாத்தியார்'. பிள்ளைகள் பாடத்தில் சந்தேகம் கேட்டால், "சிவா மாமாட்ட மட்டும் கேட்டிடாதேங்கோ, பாவம் வதனி, அவளுக்கு ஒருக்கா மானம் போனது காணும்," என்பார்கள். பாவம் வதனி, நான்தான். அவர் சாப்பாட்டிலிருந்து தலையெடுக்காமல் சிரிப்பார். ஒரு தரம்கூடத் திருத்தியதில்லை.

போன மாதம் மச்சாளின் அறுபதாவது பிறந்தநாள். ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபம், எண்பது பேர். யாரோ வழக்கம்போலக் கதையை எடுத்துவிட்டார்கள். நான் எழுந்து போய்ப் பாட்டுக்காரனிடம் மைக்கை வாங்கினேன். "அது அவர் சொன்னதில்லை. அவர் சரியாத்தான் சொன்னவர், நான்தான் கேக்கேல்லை. எல்லாருக்கும் முன்னால அவரை நக்கலடிச்சதும் நான்தான்," என்றேன்.

பிறகு மச்சாள் கை தட்டினா. "பாத்தீங்களே! எங்கட வதனி மனுசனை விட்டுக்குடுக்க மாட்டாள்!"

மண்டபம் முழுவதும் கை தட்டியது. ஒருவரும் நம்பவில்லை. இன்னும் நல்ல பெண்சாதியாகிவிட்டு வந்து என் கதிரையில் இருந்தேன்.

வெளியே வந்து வானில் ஏறிய பிறகு, ஏழு வருடமாகக் கேட்காத கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் எழும்பினனீங்கள்? நான் உங்களை அப்பிடிப் பேசின அடுத்த நாள்."

அவர் கண்ணாடியைப் பார்த்து வானைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்த பிறகுதான் பதில் சொன்னார்.

"நீர் அங்க தனிய நிண்டனீர்."