ப்ராக்ஸி வழியாக வந்துபோன யோகன் அண்ணை

படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு எல்லா வேலையும் தெரியும், செய்யச் சொல்லும்வரை. கொட்டாஞ்சேனைச் சரக்குக் கந்தோரில் "ஜாவா தெரியுமோ?" என்று கேட்டார்கள். "ஓம்" என்று தலையாட்டினேன். (இரத்மலானையில் ஒரு தையல் ஆலை வாசலிலும் இதே தலையைத்தான் ஆட்டினேன்.)

கந்தோரின் ஜாவா மென்பொருள் ஃபயர்வோல் என்ற மதிலைத் தாண்டித் துறைமுகக் கணினிக்கு விபரம் அனுப்ப வேண்டும். புதுக் கணினிக்கு மாற்றியதும் அது ஊமையாகிவிட்டது. ப்ராக்ஸி என்ற காவற்காரனிடம் பெயரும் கடவுச்சொல்லும் சொன்னால்தான் வெளியே விடுவான். அவன் எங்கே நிற்கிறான் என்பதையும் ஜாவாவுக்கு நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி நாளைக்கு வராதை," என்றார் முதலாளி. நான் படுத்ததே கந்தோரின் சாமான் அறையில்தான். வேலை போனால் கூரையும் போகும். பழைய கணினியில் இருந்த அமைப்புகளை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்தேன். வேலை செய்தது!

மறுநாள் மத்தியானம், யார் யார் இணையத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் சுவர்த் திரையின் முன் கணக்குப் பிரிவு மதி உறைந்து நின்றாள்.

"யோகன் அண்ணை உள்ளுக்கு வந்திருக்கிறார்."

யோகன் அண்ணை எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர். இறந்து, முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்திருந்தது. திரையில் அவர் பெயர் மறைந்தது. மீண்டும் வந்தது.

"அவரின்ர கதிரையில ஆர்?" என்றார் முதலாளி. எல்லோரும் திரும்பினார்கள். நான்தான். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. (நகலெடுத்ததில் அவர் பெயரும் வந்திருக்கும் என்று என் மண்டையில் உறைக்கவில்லை.)

அவருக்குப் பிடித்த மீன் ரோல்ஸையும் பிளேன்டீயையும் மேசையில் படைத்துவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். முதல்நாள் முழுக்க நான் பட்டினி. திரும்பி வந்தபோது தட்டு வெறுமை. மதி வீரிட்டாள். முதலாளி என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, வாயில என்ன தூள்?"

பிறகுதான் அமைப்புகளைத் திறந்து பார்த்தோம்.

"செத்த மனுசனிட்டயும் வேலை வாங்கிறியே! உன்ர பேரைப் போடு," என்றார் முதலாளி.

போட்டேன். சில மாதங்களில் கால் தரிக்காமல் அந்த வேலையையும் விட்டு மருதானையில் ரயிலேறினேன். மதியைக் கட்டியது பிறகு. அவளுக்கு இன்னும் அதே கந்தோரில்தான் வேலை. அமைப்புகளில் என் பெயரை எவரும் அழிக்கவில்லை. வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் தினமும் சொல்வாள்: "இண்டைக்கும் கந்தோருக்கு வந்தனீங்கள். உங்கட பேய்க்காவது நிரந்தர வேலை கிடைச்சுதே!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நேற்று, புதிதாகச் சேர்ந்தவர்கள் என் பழைய மேசையில் ரோல்ஸ் வைத்தார்களாம்.

"நான் உயிரோடை இருக்கிறன் எண்டு சொன்னனீரோ?" என்றேன்.

மதி கொஞ்சம் யோசித்தாள்.

"சொன்னனான் எண்டுதான் நினைக்கிறன்."