சால்மன் அண்ணனும் என் ஆட்சேபமும்

என் வயிற்றெரிச்சலை இந்த வளைகுடாவிலேயே அதிகம் கொட்டிக்கொண்டவர் யார் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சால்மன் அண்ணன் என்பேன்.

ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். அமெரிக்காவின் வடகோடியில், சால்மன் மீன்கள் முட்டையிடும் ஓர் ஆற்றின் தலைமாட்டில் சுரங்கம் தோண்டப் போகிறார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதிலிருந்து, அந்த ஆறு அவருடைய பாட்டன் சொத்தாகிவிட்டது; எங்களுக்கு அவர் சால்மன் அண்ணனாகிவிட்டார். யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஆட்சேபம் அனுப்பலாமாம். விடுவாரா?

"மதினி, இந்த மீனு கடலெல்லாம் சுத்திட்டு, பொறந்த ஆத்துக்கே வந்துதான் முட்ட போடும். அங்கன போயி தோண்டுனா அது எங்க போவும்?"

நான் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிற என் மனைவி, இதைக் கேட்டுக் கண் கலங்கினாள். அன்றே ஆட்சேபம் அனுப்பினாள். அப்புறம் வீட்டில் எதற்கெடுத்தாலும், "சால்மன் அண்ணன் என்ன சொன்னாருன்னா..." தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டடமே அனுப்பியது, வாட்ச்மேன் உட்பட. நான் மட்டும் அனுப்பவில்லை.

"மீன் விக்கிற ஆளு நீங்க. மீனுக்காக நீங்களே அழுதா எப்படி?" என்று மடக்கினேன்.

"பிடிக்கிறவன் கொஞ்சம் விட்டுவைப்பான் அண்ணாச்சி, அடுத்த வருசமும் பிடிக்கணும்லா. தோண்டுறவனுக்கு அடுத்த வருசமே கெடையாது."

சொல்லிக்கொண்டே வஞ்சிரத்தின் நடுத்துண்டுகளை எனக்கு எடுத்துவைத்தார். அனுப்பாதவனுக்கும் நடுத்துண்டு. அது இன்னும் எரிந்தது.

கடை மேனேஜர் ஒருநாள் வந்தார். "கலாஸ், இதோட முடிஞ்சுது. மீன் வெட்டுனா போதும், பேச்சு மாஃபி, கெடையவே கெடையாது. இன்னொரு தடவை சுரங்கம்னா வேலை இருக்காது."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். உடனே என் மனைவி கூடையோடு கவுன்ட்டர் முன்னால் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் சால்மன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் தடுமாறிய இடத்தில், செதில் சுரண்டியபடியே அவர் முணுமுணுப்பாக எடுத்துக்கொடுத்தார். மேனேஜர் அவரை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ருவைஸ் கிளைக்குத் தூக்கியடித்துவிட்டார்.

விட்டது சனி என்றுதான் இருந்தேன். புது ஆள் வெட்டித் தந்த மீனில் ஒழுங்கான துண்டு ஒன்றுகூட இல்லை. மனைவி டிவி பக்கமே போகவில்லை. நான் பேசினால் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன சனிக்கிழமை ஆபீஸ் வேலை என்று புளுகிவிட்டு ருவைஸுக்கு வண்டியை விட்டேன், ஒரு வஞ்சிரம் வெட்டி வாங்க.

"அண்ணாச்சி, இம்புட்டுத் தூரமா? ஆத்துக்கு என்ன முடிவு சொன்னானுவ?"

"இன்னும் சொல்லல. நேத்து நானும் ஆட்சேபம் அனுப்பிட்டேன்."

அவர் நடுத்துண்டுகளை எடுத்துவைத்தார்.

வீட்டில் பையைப் பிரித்த மனைவி, துண்டுகளைப் பார்த்ததுமே, "அண்ணன் நல்லாருக்காரா?" என்றாள்.

டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன். என் மனசும் அந்த மனுஷனைத் தேடிவிட்டது என்பதை எந்த வாயால் சொல்வது?