அரை மணிக்கு ஒரு மரியாதை

"எந்திரிச்சீங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்திரிச்சனுங்க."

"கண்ணுசாமி உள்ள வந்தப்பத்தானுங்களே?"

"ஆமாங்க. ஆனா கண்ணுசாமிக்காக எந்திரிக்கலீங்க."

"பின்ன யாருக்காக?"

"இந்த வாட்சுக்காகங்க."

கேட்டவர் மயில்சாமி. பத்து ஏக்கரில் மஞ்சள் போட்டு, முந்நூறு மூட்டையை நாமகிரிப்பேட்டையில் இந்த மண்டியின் கிடங்கில் இறக்கி வைத்துவிட்டு, வாராவாரம் ஏலத்துக்கு வந்து, விலை கட்டவில்லை என்று திரும்பிப் போகிறவர். பதில் சொன்னவன் சபரிநாதன். அதே மண்டியில் பதினோரு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவன். கண்ணுசாமி மூட்டை தூக்குகிறவர். பானையில் தண்ணீர் குடிக்கத்தான் உள்ளே வந்தார். தன்னைக் கண்டதும் ஆபீஸ்காரர் எழுந்து நின்றதைப் பார்த்து அரண்டுபோய், தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிப் போய்விட்டார்.

"கடியாரம் சொன்னா எந்திரிப்பீங்க," என்றார் மயில்சாமி. "நான் ஒரு மணி நேரமா நிக்கறேன், எனக்கு எந்திரிக்க மாட்டீங்க."

"பெஞ்சு இருக்குதுங்களே. உக்காருங்க."

"இருக்குது. பாத்தேன்."

சுவரோரம் கிடந்த பலகை பெஞ்சை மயில்சாமி ஒருமுறை பார்த்தார். வரப்புத் தகராறில் எதிர்த்தரப்பு ஆளைப் பார்க்கிற பார்வை அது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தவறு சபரிநாதனுடையது இல்லை. அவன் முதுகினுடையது. போன மாதம் அந்த முதுகு, குனிந்து செருப்பை மாட்டும்போது, இனி நிமிர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. சேலத்து டாக்டர் ஒரு காகிதத்தில் தண்டுவடம் வரைந்து, அதன் அடியில் இரண்டு கோடு கிழித்தார். "உக்காந்தே இருந்து வாங்குன வலி இது. அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நில்லுங்க. செலவில்லாத வைத்தியம்," என்றார்.

தனப்பிரியாவுக்குச் செலவில்லாத வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. பஸ் ஏறுவதற்கு முன்பே கணவனுக்கு இரண்டு பொருள்கள் வாங்கிவிட்டாள். ஒன்று, அரை மணிக்கு ஒரு தடவை மணிக்கட்டில் நண்டு ஊர்வது போல் நடுங்கும் கைக்கடிகாரம். அவன் எத்தனை தடவை எழுந்தான் என்பதை அது ராத்திரி அவள் போனுக்குச் சொல்லிவிடும். இன்னொன்று, நடுவில் ஓட்டை வைத்த வட்ட மெத்தை. ஆபீஸ் நாற்காலியில் போட்டு உட்கார; வால் எலும்பு பலகையில் படக் கூடாது என்பதற்காக. கடிகாரம் சொல்லும் எண்ணிக்கை குறைந்தால் இரவுக்குச் சாமைக் கஞ்சி. கூடினால் தோசை.

அந்தக் கடிகாரத்தைச் செய்தவர்கள் பனி பெய்கிற ஏதோ ஒரு தூர தேசத்தில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அங்கெல்லாம் ஒருவன் நாற்காலியை விட்டு எழுந்தால், எழுந்தான், அவ்வளவுதான். ஜன்னல் வழியே வெள்ளைத் தெருவைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வான். யாருக்காக எழுந்தான், யாருக்கு எழவில்லை என்று கணக்கெடுக்க அங்கே ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

மண்டி முதலாளி பெரியசாமி அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டார்.

"சபரி, எதிர்த்த மண்டியிலயும் இதே மஞ்சள்தான், இதே வியாபாரிதான், இதே விலைதான். அப்பறம் ஆளுங்க ஏன் நம்மகிட்ட வாராங்க?"

"தெரியலீங்க."

"மரியாதை! நாம விக்கறதே அதைத்தான். மயில்சாமி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போறாரு. மூட்டைக்காரனுக்கு எந்திரிச்சியாமா, அவருக்கு எந்திரிக்கலையாமா."

"அது முதுகுவலிக்குங்க..."

"என்ற முதுகும்தான் வலிக்குது. நான் யாருக்காச்சும் எந்திரிக்கறனா? அந்த முந்நூறு மூட்டை இந்த வாசலைத் தாண்டுச்சுன்னா, பொறவாலயே நீயும் தாண்டிக்க வேண்டியதுதான். சொல்லிப்போட்டேன்."

சபரிநாதனுக்கு நாற்பத்தொரு வயது. மஞ்சள் சீட்டு எழுதுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ராத்திரி தோசையைப் பிய்த்தபடி, அடுத்த வாரம் எப்படி எழுவது என்பதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தான்.

அடுத்த ஏலத்தன்று மயில்சாமியின் வேட்டிக் கரை வாசலில் தெரிந்ததும், சபரிநாதன் பொறியிலிருந்து விடுபட்டவன் போல் எழுந்து கைகூப்பினான்.

"வாங்க, வாங்க, வாங்க!"

மயில்சாமியின் முகம் மலர்ந்தது. "அட! நல்லா இருப்பீங்க தம்பி," என்றபடி, என்றும் இல்லாத வழக்கமாக, மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கமாகவே வந்தார். கட்டிப் பிடிக்கப் போகிறார் போலிருக்கிறது என்று சபரிநாதனுக்குக் கூச்சமாகிவிட்டது. மரியாதை போய்ச் சேர்ந்துவிட்டது, இனி வேலையைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தான்.

மயில்சாமி பாதி வழியில் நின்றார். மலர்ந்த முகம் அப்படியே கூம்பியது. வெளியே போய், வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி உள்ளே வந்தார். சபரிநாதன் மறுபடி எழுந்தான். "வாங்க!" மயில்சாமி மேசையைச் சுற்றினார். சபரிநாதன் உட்கார்ந்தான். மயில்சாமி வெளியே போனார்.

இப்படிப் பதினான்கு தடவை. மரியாதைக்கு இவ்வளவு பசியுள்ள மனிதரைச் சபரிநாதன் அதுவரை பார்த்ததில்லை.

பதினைந்தாவது தடவைக்குள் பெஞ்சில் சலசலப்பு எழுந்துவிட்டது. "ஏனுங், நாங்களும் மஞ்சள்தான் கொண்டாந்திருக்கறோம். மண்ணு கொண்டாரலீங்க," என்றார் தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர். "அவருக்கு எந்திரிக்கற காலு எங்களுக்கு எந்திரிக்காதா?"

பெரியசாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, எல்லாருக்கும் என்று கண்ணாலேயே சொன்னார்.

எல்லாருக்கும் எழுந்தான். விவசாயிக்கு எழுந்தான், வியாபாரிக்கு எழுந்தான், பீடி பற்ற வைக்க நெருப்புக் கேட்டு வந்தவருக்கு எழுந்தான். டீ கொண்டுவந்த ராமாத்தாளுக்கும் எழுந்துவிட்டான். அந்த மண்டியைக் கூட்டிப் பெருக்கி டீ போட்டுத் தரும் அந்தம்மா, "கெரகம், இது என்ன சாமி புதுப் பழக்கம்?" என்று டம்ளரை மேசையில் வைக்காமல் சன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு தனப்பிரியா போனைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நூத்தி நாப்பத்திரெண்டு தடவை எந்திரிச்சிருக்கீங்க."

"சரியாத்தான் இருக்கும்."

"ஆபீஸ்ல என்ன வேலை பாக்கறீங்க? தோப்புக்கரணமா?"

"டாக்டர் சொன்னதுதானே?"

"டாக்டர் கணக்குக்கு இருபது தடவைதான வரும். இது என்ன மொத்த வியாபாரம்?"

தோசை கிடைத்தது. அதைக் கீழே உட்கார்ந்து சாப்பிடத்தான் முட்டி மடங்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் மயில்சாமிக்குத் திருப்தி வரவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. பெரியசாமிக்குப் போன் செய்திருந்தார்.

"என்ன சொன்னாருங்க?"

"எந்திரிக்கறது சரிதானாமா. 'எந்திரிச்ச வேகத்துல உக்காந்துக்கறாரே, அதுல யாருக்கு என்ன பிரயோசனம்?'னு கேக்கறாரு. நாயமான கேள்விதான சபரி? எந்திரிச்சவன் எந்திரிச்சபடி நிக்க வேண்டாமா?"

"எவ்வளவு நேரமுங்க நிக்கறது?"

பெரியசாமி யோசித்தார். அவர் யோசிக்கும்போது பென்சிலால் காதைக் குடைவார். குடைந்து முடித்ததும் முகம் பிரகாசமானது.

"உக்காந்தாத்தான பிரச்சினை? உக்காரவே உக்காராத!"

மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் இரண்டிரண்டு ஹாலோ பிளாக் கல் வைத்தார்கள். மேசை நெஞ்சு உயரத்துக்கு வந்தது. நாற்காலியைக் கண்ணுசாமி கிடங்குப் பரணில் ஏற்றினார். அனாதையாகக் கிடந்த ஓட்டை மெத்தையை ராமாத்தாள் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"பானையோட பிரிமணை நஞ்சுபோய்க் கெடக்குது. இது அளவெடுத்துச் செஞ்சாப்புல இருக்குதுங் சாமி," என்று தண்ணீர்ப் பானையை அதன்மேல் வைத்தாள். பானை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. பதினோரு வருடத்தில் அந்த ஆபீசில் இவ்வளவு சுகமாக யாரும் உட்கார்ந்ததில்லை.

அந்த வாரம் முழுவதும் சபரிநாதன் நின்றான். முதல் நாள் சொகுசாகத்தான் இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவன் போல், சன்னலுக்கு வெளியே மஞ்சள் தூசி பறப்பதைப் பார்த்தபடி சீட்டு எழுதினான். மூன்றாம் நாள் கணுக்கால் பூசணியாகிவிட்டது.

"காலு ஏன் வீங்கியிருக்குது?" என்றாள் தனப்பிரியா.

"ஆரோக்கியம்," என்றான் சபரிநாதன்.

மூன்றாவது ஏலத்தன்று மயில்சாமி வந்தார். கொஞ்சம் கால் அகட்டி நடந்து வந்தார். பண்ணையம் பார்க்கிற பெருமிதம் அந்த நடையில் இருப்பதாகச் சபரிநாதனுக்குத் தோன்றியது. வீங்கிய காலில் முடிந்தவரை நிமிர்ந்து நின்று கைகூப்பினான்.

மயில்சாமி அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"நாக்காலி எங்கீங்க?"

"எடுத்தாச்சுங்க," என்றான் சபரிநாதன் பெருமையாக.

"எடுத்தாச்சா?"

"உங்களுக்காகத்தானுங்க எடுத்தோம்."

"எனக்காகவா?" மயில்சாமியின் குரல் உடைந்தது போலிருந்தது. "எனக்காகவா நாக்காலிய எடுத்தீங்க?"

"ஆமாங்க. இனி இந்த ஆபீசுல உக்காரங்கற பேச்சே கெடையாதுங்க."

 மயில்சாமியின் கண் அறையைச் சுற்றி வந்து, மூலையில் தண்ணீர்ப் பானையின்மேல் நின்றது. அங்கேயே நின்றது. அதில் ஏதோ ஏக்கம் தெரிந்தது.

சபரிநாதன் புரிந்துகொண்டான். "ராமாத்தா! பெரியவருக்குத் தண்ணி!"

ராமாத்தாள் சொம்பு நிறைய மொண்டு நீட்டினாள். மொள்ளும்போது பானை வழிந்து அடியிலிருந்த மெத்தை கொஞ்சம் நனைந்தது. அதைக் கண்டதும் மயில்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வேண்டாம்."

"மோரு வேணுங்களா? எளநி?"

"ஒண்ணும் வேண்டாம். கண்ணுசாமி! மூட்டைய டிராக்டர்ல ஏத்தப்பா. எதிர்த்த மண்டிக்கு ஓட்டு. அங்கயாச்சும் மனுசனை மனுசனா நெனைக்கறாங்களான்னு பாப்போம்."

போய்விட்டார். முதல் மூட்டை கிடங்கிலிருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. பெரியசாமி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். சபரிநாதனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி சபரிநாதனைப் பார்த்தார். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

சபரிநாதன் மேசை இழுப்பறையைத் திறந்து தன் பொருள்களை எடுத்து வைத்தான். பேனா இரண்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த தைலம். பதினோரு வருடம் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கிவிட்டது. மணிக்கட்டு நடுங்கியது. எழுந்திருக்கச் சொல்கிறது. நின்றுகொண்டே இருப்பவன் எப்படி எழுவது? அவன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டான். அது உள்ளே கிடந்தும் நடுங்கியது.

அப்போது கண்ணுசாமி உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று, "எந்திரிச்சுப்போடாதீங்க," என்றார். பிறகு பார்த்துவிட்டு, "ஓ, நின்னுட்டுத்தான் இருக்கறீங்களா," என்றார்.

"எத்தனை மூட்டை ஏத்தியாச்சு?"

"ஏழு. மெதுவாத்தான் ஏத்தறோம்." கண்ணுசாமி பானையருகே போனார். இரண்டு வாரத்துக்கு முன் குடிக்காமல் விட்ட தண்ணீரை இன்று நிதானமாகக் குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்தார். பெரியசாமியின் கதவைப் பார்த்தார். ராமாத்தாள் பக்கத்தில் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். அப்புறம் சபரிநாதனின் காதருகே வந்தார்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாருங்க. மயில்சாமிப் பெரியவருக்கு மூல ஆப்பரேசன் பண்ணி இன்னும் ஒரு மாசம் ஆகலீங்க. அந்தப் பலகை பெஞ்சுல உக்கார முடியாம, நீங்க எப்ப எந்திரிப்பீங்க, எப்ப அந்த மெத்தையில உக்காரலாம்னுதான் மூணு ஏலமா உங்களயே பாத்துட்டு இருந்திருக்கறாரு. பானைக்கு வேற எதாச்சும் வெச்சுக்கிட்டு, அதை ஒரு ரெண்டு மணி நேரம், யாருக்கும் தெரியாம என்ற கையில குடுப்பீங்களா?"