‘வாங்க சம்பந்தி’ காதில் விழாததற்குச் சான்று வேண்டி

‘நுகர்வோர் தராசு’ மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தேனி மாவட்டம் ஓடைப்பட்டியிலிருந்து திராட்சை விவசாயி ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி ராஜாத்தியும் மகள் ஹேமாவதியும் நலம். கொடியில் காயும் நலம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முக்கியமாகத் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரின் காதுகளும் நலமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். எடுத்த எடுப்பிலேயே காதை ஏன் இழுக்கிறான் என்று நினைக்க வேண்டாம். என் மகள் கல்யாணமே இப்போது காதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் காமயகவுண்டன்பட்டி வேல்பாண்டியைத்தான் என் மகளுக்குப் பேசியிருக்கிறோம். பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், பூ வைப்பதுதான் பாக்கி. தரகர் மொக்கைச்சாமி வந்து, “அண்ணே, தராசுப் பத்திரிகையில ஹெட்போனப் போட்டுப் பாத்து நல்லது கெட்டது எழுதுறாகல்ல, அந்தப் பக்கம் பூரா நம்ம மாப்பிள்ளதான்” என்றார். சரி, எழுதுகிற பிள்ளை, விவரமாகப் பேசும் என்று பார்த்தால், பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வாயையே திறக்கவில்லை. நான் திராட்சைக்கு வருகிற சாம்பல் நோயில் ஆரம்பித்து வியாபாரி எடையில் அடிக்கிற கொள்ளை வரைக்கும் பேசினேன். பஜ்ஜி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படிப் பேசாத ஆளை எதை வைத்து எடைபோடுவது, சொல்லுங்கள்.

ஊரில் விசாரிக்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்து விசாரிப்பு பற்றித் தங்களுக்குத் தெரியாது ஐயா. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு என்று எவரும் குறையே சொல்ல மாட்டார்கள், கேட்கிறவன்தான் புரிந்துகொள்ள வேண்டும். “தங்கமான பையன்” என்றால் பரவாயில்லை, பார்க்கலாம் என்று அர்த்தம். “அவுக குடும்பம் நல்ல குடும்பங்க” என்றால் பையன் சரியில்லை என்று அர்த்தம். “நமக்கு அவ்வளவாப் பழக்கமில்லைங்க” என்று சொல்லிவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிட வேண்டும். போனில் பொருள் விற்கிற கடைகளிலும் இதே கதைதான் நடக்கிறது. ஒரு ஹெட்போனுக்குக் கீழே ஒரு புண்ணியவான், “இன்னும் பிரிக்கவில்லை, கொண்டுவந்து கொடுத்த தம்பி நல்ல தம்பி” என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். இன்னொரு அம்மா, பாட்டு கேட்கவில்லை, ஆனால் டப்பாவில் ஊசி நூல் போட்டுவைக்க வசதியாக இருக்கிறது என்று நாலு நட்சத்திரம். இதையெல்லாம் நம்பி ஒரு பொருளை வாங்கவும் முடியாது, பெண்ணைக் கொடுக்கவும் முடியாது.

ஆகையால் மாப்பிள்ளை எழுதுகிற பக்கத்தையே படித்துப் பார்த்துவிடுவோம் என்று தங்கள் இதழை வாங்கினேன். ‘விலை குறைந்த ஹெட்போன்கள்: ஐந்தை அலசினோம்’ என்று போட்டிருந்தது. ஐயா, திராட்சை வாங்க வருகிற விவரமான வியாபாரி கொத்தின் மேலே இருக்கிற பழத்தைத் தொடவே மாட்டான். நுனியில் தொங்குகிற பழத்தைக் கிள்ளி வாயில் போடுவான். கடைசியாகப் பழுப்பது அதுதான், அது இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும். அந்தப் பழக்கத்தில் நானும் கட்டுரையைக் கடைசி வரியிலிருந்து படித்தேன். “முதலிடம் பெற்றதில் குரல் தெளிவு, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டினால் காது மடல் வலிக்கும்” என்று இருந்தது. அடேங்கப்பா, முதல் மார்க் வாங்கின பிள்ளைக்கும் முகத்துக்கு நேரே குறை சொல்கிறாரே இந்த மனுஷன் என்று எனக்கு அப்போதே பாதி மனசு சாய்ந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் சோதனை.

சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் சூசைமுத்துவிடம் போய் முதலாவது, மூன்றாவது, கடைசி என்று மூன்றைக் கேட்டேன். அவன் சிரித்தான். “அண்ணே, பத்திரிகைக்காரக எழுதுறதயா நம்புறீக? கம்பெனிக்காரன் இருக்கிறதுலயே நல்ல பீஸாப் பாத்து அனுப்புவான், இவுக அத மாட்டிப் பாத்துட்டு ஆகா ஓகோன்னு எழுதுவாக. எந்த மடையனாச்சும் கடைசி மார்க் வாங்குனதக் காசு குடுத்து வாங்குவானா?” என்றான். “ஏலே, எனக்கு ஹெட்போன் முக்கியமில்லடா, எழுதுன ஆள் முக்கியம். அவுக கெட்டதுன்னு சொன்னது நெசமாவே கெட்டதான்னு பாக்கணும்” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூன்றையும் எடுத்துக் கொடுத்தான்.

முதலாவதை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இலை கிள்ளப் போனேன். பட்டிமன்றம் போட்டுக் கேட்டேன். நடுவர் பக்கத்துக் கொடியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் ஆனதோ இல்லையோ, சொல்லிவைத்த மாதிரி ரெண்டு காதும் விண்ணென்று வலிக்க ஆரம்பித்தது. ஐயா, எங்கள் ஊரில் சொன்ன நேரத்துக்குப் பஸ் வராது, கரண்டு வராது, கூலிக்கு வருகிறேன் என்ற ஆள் வர மாட்டான். சொன்ன நேரத்துக்கு எனக்கு வந்த ஒரே பொருள் இந்தக் காது வலிதான். வலியோடு வலியாக, “ஆகா, என் மாப்பிள்ளை!” என்று கத்தியே விட்டேன். கொடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹேமா, “அப்பா, அவரப் பத்தி ஒண்ணு சொல்லணும்” என்கிற மாதிரி என்னவோ வாயசைத்தாள். பட்டிமன்றத்தில் தீர்ப்பு சொல்லுகிற நேரம், அதனால் கையைக் காட்டிப் பொறு என்றுவிட்டேன்.

கடைசி இடம் பெற்றதற்கு “வியர்வை பட்டால் ஒரு பக்கம் நின்றுவிடும்” என்று எழுதியிருந்தது. அதை ராஜாத்தி தலையில் மாட்டி அடுப்படியில் விட்டேன். ரசம் கொதிக்கிறதுக்குள் இடது பக்கம் நின்றுபோனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கை தட்டினேன். அவள் கரண்டியை ஓங்கினாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தவள், “ஏங்க, இதுதான் நல்லாருக்கு. ஒரு காது கதைக்கு, ஒரு காது குக்கர் விசிலுக்கு. இத எதுக்குக் கடைசியில போட்டாக?” என்று கேட்டு அதை எனக்குத் திருப்பித் தரவேயில்லை. அது அவள் வசதி. எழுதினது எழுதினபடியே நடந்ததா இல்லையா, எனக்கு அதுதான் கணக்கு.

வினை மூன்றாவதில்தான் வந்தது ஐயா. “வெளியிலிருந்து வரும் சத்தத்தை அறவே தடுக்கும், வெளியில் போகும்போது மாட்டாதீர்கள்” என்று தெள்ளத்தெளிவாகப் போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் மாட்டினேன், படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு சோதனை என்றால் என்ன? அனுமந்தன்பட்டியில் என் சித்தப்பா பேத்திக்குக் காது குத்து. வெள்ளை வேட்டி சட்டை போட்டு, பட்டிமன்றத்தையும் போட்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் பாட்டு அலறியிருக்கிறது, டிரைவர் ஹாரனில் கையை எடுக்கவேயில்லை, பின் சீட்டில் சண்டை நடந்திருக்கிறது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, நடுவர் சொன்ன நகைச்சுவை மட்டும்தான் கேட்டது. பஸ் அனுமந்தன்பட்டியைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, மாப்பிள்ளையின் ஊரான காமயகவுண்டன்பட்டியில் போய் நின்றபோது கண்டக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “பெரியவரே, கூவிக் கூவித் தொண்ட வத்திப்போச்சு. நீங்க சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீக, சரி, ஊரை மாத்திட்டீகன்னு விட்டுட்டேன்” என்றார். கோபப்படுவதற்குப் பதில் எனக்குப் புல்லரித்துவிட்டது. அறவே தடுக்கும் என்று எழுதினார், அறவே தடுத்துவிட்டதே! அந்தப் பூரிப்பில் மறுபடியும் மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தேன். நடுவர் அடுத்த நகைச்சுவையைச் சொன்னார், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே டீக்கடையைக் கடந்து போனேன்.

அங்கேதான் என் பின்னால் மாப்பிள்ளையின் தாயார் சுருளியம்மாள் நின்று, “வாங்க சம்பந்தி, வாங்க” என்று கூப்பிட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை. டீக்கடையே திரும்பிப் பார்த்திருக்கிறது, நான் திரும்பவில்லை. சாயங்காலமே மொக்கைச்சாமி மூச்சு வாங்க வந்து நின்றார். “அண்ணே, காரியத்தக் கெடுத்துட்டீக. ஊருக்குள்ள வந்து ஒளிஞ்சு வெசாரிச்சதுமில்லாம, கூப்பிட்ட மரியாதைக்குத் திரும்பாமக் கெக்கெக்கென்னு சிரிச்சுட்டுப் போறாகளே, எங்களப் பாத்தா அம்புட்டு எளக்காரமாப் போச்சான்னு அந்தம்மா அழுகுது. பூ வைக்கிறத நிறுத்தச் சொல்லிருச்சு” என்றார். ஹெட்போனைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். “ஏண்ணே, காத அடைக்கிற பொருளக் காசு குடுத்து எவனாச்சும் வாங்குவானா? வேற நல்ல பொய்யாச் சொல்லுங்க” என்று தரகரே என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒரு தரகர் வாயால் நான் பொய்யன் என்ற பெயர் வாங்க வேண்டுமா? அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹேமா மூஞ்சியைப் பார்க்கவும் முடியவில்லை. அவளுக்கு அந்தத் தம்பியைப் பிடித்திருக்கிறது ஐயா. சொல்லவில்லை, ஆனால் போன் அடித்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். என் ஆராய்ச்சிப் புத்தியால் பிள்ளை வாழ்க்கையில் மண் விழுந்துவிடக் கூடாது.

ஆகவே ஐயா அவர்கள் பெரிய மனது வைத்து, மேற்படி மூன்றாமிடம் பெற்ற ஹெட்போனை மாட்டிய மனிதனுக்குப் பின்னால் நின்று ‘வாங்க சம்பந்தி’ என்று எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் கேட்காது என்றும், அப்படி அவன் சிரித்தால் அது பட்டிமன்றத்துக்கே அன்றிச் சம்பந்திக்கு அல்ல என்றும், தங்கள் இதழின் பெயர் போட்ட தாளில் முத்திரை குத்தி ஒரு சான்று தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் எழுதுவதை நம்பலாமா என்று சூசைமுத்து கேட்டான். நம்பலாம் என்று என் ரெண்டு காதையும் கொடுத்துச் சாட்சி சொல்லத் தயார். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் முகம் பார்க்காமல் எழுதுகிற கை என் மகள் கையைப் பிடித்தால் எனக்கு அதற்கு மேல் ஒரு விசாரிப்பும் வேண்டாம். அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கும் தாங்கள் நீடூழி வாழ வேண்டும். தங்கள் தராசு ஒருபோதும் ஒரு பக்கம் சாயாதிருக்கட்டும், தங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு எப்போதும் ஆள் இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
காது வலியுடனும் மன நிறைவுடனும்,
ஈஸ்வரபாண்டி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்ததும் பிழை திருத்த ஹேமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் ராஜாத்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள். “அப்பா, அந்தப் பக்கத்த எழுதுறதே ஆசிரியர் ஐயாதானாம். நீங்க பாத்த மாப்பிள்ள எழுதவே மாட்டாராம். நாள் பூரா ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு ஒக்காந்து கேக்குறதும், எங்கன வலிக்குது, எது எரச்சலா இருக்குன்னு ஐயாகிட்டச் சொல்றதும் மட்டுந்தான் அவரு வேலையாம். போன்ல பேசுன மொத நாளே எங்கிட்டச் சொல்லிட்டாரு. தரகர் பெருசாச் சொல்லியிருப்பாக, ஒங்க அப்பாகிட்ட உள்ளதச் சொல்லிருங்கன்னாரு. நான் சொல்ல வந்தேன், நீங்கதான் ஹெட்போனோட கையக் காட்டுனீக” என்கிறாள். ஆக, மேலே நான் மாப்பிள்ளை என்று நினைத்துப் புகழ்ந்தது அத்தனையும் தங்களையே சேரும். ஆனால் தங்களுக்குப் பேரன் பேத்தி இருப்பதாக ஹேமா சொல்வதால் பெண் கொடுக்க வழியில்லை, மன்னிக்கவும். சான்றும் வேண்டாம். நான் நேற்றெல்லாம் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ராஜாத்தி காமயகவுண்டன்பட்டிக்கே போய், அந்த மூன்றாவதைச் சுருளியம்மாள் தலையில் மாட்டிவிட்டு, பின்னால் நின்று தெருவே கூடும்படி “சம்பந்தி!” என்று கத்தியிருக்கிறாள். அந்தம்மா திரும்பவில்லையாம். இப்போது அதைக் கழற்றித் தர மாட்டேன் என்கிறதாம். பூ வைக்க நாளும் குறித்தாகிவிட்டது.

எழுதுகிற மாப்பிள்ளை என்று நினைத்தது இப்படியாகிவிட்டதே என்று நான் கொஞ்சம் மூஞ்சியைத் தொங்கப்போட்டேன். அதற்கு ராஜாத்தி சொன்னாள்: “எழுதுறவுகளும் பேசுறவுகளும் ஊரெல்லாம் கெடக்காக. பக்கத்துல ஒக்காந்து, சொல்றதக் கடைசி வரைக்கும் கேட்டு, கேட்டத அப்படியே சொல்ற ஆம்பளய நான் இந்த வீட்டுல பாத்ததே இல்ல. ஆத்தா ஹேமா, கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்க.” கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில் நான் முழுசாகக் கேட்டது இது ஒன்றுதான் என்கிறாள், ஹெட்போன் எதுவும் மாட்டாததால் எனக்கும் அது கேட்டுவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும் லீவு கொடுத்து அனுப்புங்கள்.